பழைய பட்டடைக்கு எவ்வளவு வைத்தியம்?

பழைய இரும்புக் கடைத் தராசுக்குப் பட்டடையும் ஒன்றுதான், உடைந்த பம்பு செட்டும் ஒன்றுதான். இரண்டையும் கிலோக் கணக்கில்தான் பார்க்கும். பெரம்பலூர், அரியலூர் பக்கக் கிராமங்களில் கொல்லுப்பட்டறை நடத்திய பெரியவர் காலமாகி, பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டால், துருத்தி மட்கிப்போகும். குறட்டையும் சம்மட்டியையும் யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கடைசியில் மிஞ்சுவது மரக்கட்டையில் பாதி புதைந்து கிடக்கும் அந்த இரும்புக் கட்டிதான். அது எடைக்குப் போகாமல், தொழில் பழக நினைக்கும் ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு முதலில் தோன்றுவது அதைப் புதுசாக்க வேண்டும் என்பதுதான். லேத் பட்டறைக்குத் தூக்கிப்போய் மேல்முகத்தைச் சீவலாம், பள்ளத்தில் வெல்டிங் வைத்து நிரப்பலாம், விளிம்பை நறுக்கென்று எடுக்கலாம், கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம். இத்தனையும் முடிந்தபின் அது கண்காட்சியில் வைக்க லாயக்கான பொருளாக இருக்கும். ஆனால் அதன்மேல் இரும்பு அடிக்க முடியுமா என்பது சந்தேகம். பழைய பட்டடைக்குச் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம், செய்யக்கூடாதது நிறைய என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் பெயர். அடைகல், பட்டடை, பட்டறை என்று இதற்குப் பல பெயர்கள். இன்று பட்டறை என்றால் வேலை நடக்கும் கூடம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அகராதியோ அந்தச் சொல்லுக்கு அடிக்கும் கல்லையும் பொருளாகத் தருகிறது. கல் கிடக்கும் இடம்தான் பட்டறை, மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தவை என்று சொன்னால் தப்பில்லை. திருக்குறளில் கூடா நட்பு அதிகாரத்தின் முதல் குறளே பொய்யான நண்பர்களைப் பட்டடைக்குத்தான் ஒப்பிடுகிறது. தாங்குவதுபோல் இருந்து, சமயம் வாய்த்தால் அடி விழச் செய்வது என்று கல்லுக்குக் கொஞ்சம் கெட்ட பேர்தான் வாங்கிக் கொடுக்கிறார் வள்ளுவர். நம் ஊர்ப் பட்டடை பெரும்பாலும் கொம்பு இல்லாத, சதுரமான கட்டி. தரையில் புதைத்த கட்டையில் அதை இறக்கி, உலைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அடிப்பார்கள். சினிமாவிலும் கார்ட்டூனிலும் வருகிற, ஒருபக்கம் கூம்பாக நீண்ட கொம்பும் மேல்முகத்தில் சதுரத் துளையும் வட்டத் துளையும் உள்ள வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ரயில்வேயும் ஆலைகளும் வந்த காலத்தில் அந்த வகையும் இந்தியாவுக்குள் நுழைந்தது. பழசாகக் கைக்குக் கிடைப்பது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் வைத்தியத்தைத் தொடங்கக் கூடாது.

பட்டடை என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் மற்றது தானாக விளங்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பு சம்மட்டி அடியில் நசுங்க வேண்டும். அதற்கு அடியில் இருப்பது நசுங்கவும் கூடாது, நகரவும் கூடாது. நகராமல் இருக்கக் கனம் வேண்டும். சம்மட்டியைப்போல் சுமார் ஐம்பது மடங்கு கனம் இருந்தால் அடியின் வலு வீணாகாது என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. புதிதாகப் பழகுகிறவர் ஒரு கிலோ சம்மட்டி எடுத்தால் 50 கிலோ கல் தாராளம். நசுங்காமல் இருக்கக் கடினம் வேண்டும். கல் முழுவதையும் கடின எஃகில் செய்வது அந்தக் காலத்தில் கட்டுப்படியாகாத காரியம். அதனால் இங்கிலாந்துக் கொல்லர்கள் உடம்பை மென்மையான தேனிரும்பில் அடித்து, மேலே மட்டும் ஓர் எஃகுத் தகட்டை உலையில் வைத்தே பற்றவைத்து, பிறகு தண்ணீரைக் கொட்டி அந்த முகத்தைக் கடினமாக்கினார்கள். அந்தத் தகட்டின் கனம் பொதுவாக ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். எழுபது எண்பது கிலோ கல்லின் உயிர் முழுவதும் அந்தத் தகட்டில் இருக்கிறது. பல வருடம் அடிபட்டுத் தேய்ந்த கல்லில் அதுவும் குறைந்திருக்கும். பள்ளம் போக வேண்டும் என்று மில்லிங் மெஷினில் ஏற்றி ஐந்து மில்லிமீட்டர் சீவினால், மிச்சமிருந்த ஆயுளில் பெரும்பங்கைத் துருவலாக்கித் தரையில் கொட்டியதாகத்தான் அர்த்தம். பல கல்லில் கடினம் மேற்பரப்பை ஒட்டித்தான் அதிகம். உள்ளே போகப்போக மென்மை. சீவி எடுத்தது நல்லது, மிஞ்சியது சொத்தை.

வெல்டிங்கின் கதை இதைவிட மோசம். கடின எஃகு 200, 250 டிகிரிக்கு மேல் சூடேறினாலே இளகத் தொடங்கும். வெல்டிங் ராடு பட்ட இடமோ உருகுகிறது; அதைச் சுற்றி ஒரு வளையம் இளகிப்போகிறது; அதற்கு அடியில் கிடக்கும் குளிர்ந்த இரும்பு, சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால் இன்னொரு வளையம் கண்ணாடிபோல் உடையும் பதத்துக்கு வருகிறது. இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழும். கல் முழுவதையும் சீராகச் சூடாக்கி வைத்துக்கொண்டு, பொருத்தமான ராடு போட்டு, மெதுவாக ஆறவிட்டால் பட்டடையை வெல்டிங்கில் காப்பாற்ற முடியும், மறுக்கவில்லை. அப்படிச் செய்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். விளிம்பு பெரிதாகப் பிய்ந்துபோன கல்லுக்கு அதைத் தவிர வழியும் இல்லை. ஆனால் கேட் அடிக்கும் கடையில், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துக் கொடுக்கிற வேலை அல்ல அது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். முகம் குழிந்து கிடந்தால் நேரான கம்பி எப்படி அடிப்பது? கற்றுக்கொள்கிறவனுக்குச் சமதளம் வேண்டாமா? கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் இரும்பை நேராக்குவது சமதளத்தில் எளிதல்ல. வளைந்த கம்பியைச் சமமான முகத்தில் வைத்து அடித்தால் அது எதிர்ப்பக்கம் கொஞ்சம் தாண்டி வளைய இடம் இல்லை. அடித்ததும் திமிறிப் பழைய வளைவுக்கே திரும்பும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழி இருந்தால் கம்பி அதற்குள் அமுங்கி, விட்டதும் நேராக நிற்கும். கல் முழுக்கவும் ஒரே மாதிரி குழிந்திருப்பதும் இல்லை. நடுவில் பள்ளம் என்றால் ஓரத்தில், கொம்பை ஒட்டிய பகுதியில், உள்ளங்கை அகலத்துக்காவது சமம் இருக்கும். அரிவாளுக்கும் களைக்கொத்திக்கும் அது போதும். பத்து மில்லிமீட்டர் குழி என்றால் மட்டும் யோசிக்கலாம். நம் ஊர்ச் சதுரக் கட்டிக்கு இன்னொரு சலுகை உண்டு. பல கட்டிகளில் தனித் தகடு என்று ஒன்று கிடையாது, முழுக்க ஒரே இரும்பு. அப்படிப்பட்டதன் முகம் தேய்ந்தால் சீவவே வேண்டாம். கட்டையிலிருந்து பெயர்த்து, இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த பக்கத்தைத் திருப்பி மேலே போட்டுவிடலாம். மேனாட்டுக் கல்லில் செய்ய முடியாத வைத்தியம் இது.

ஆக, கல்லைத் தொடுவதற்கு முன் அது எப்படிப்பட்டது என்று சோதிக்க வேண்டும். செலவில்லாத சோதனைகளே போதும். மெக்கானிக் கடையில் பழைய பேரிங்கிலிருந்து ஓர் எஃகுக் குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகத்திலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து விடுங்கள். நல்ல கல்லாக இருந்தால் குண்டு 20 சென்டிமீட்டர் வரை திரும்ப எழும்பும். வார்ப்பிரும்பாக இருந்தால் பாதிக்குக் கீழேயே அடங்கிவிடும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் முகம் முழுக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் துள்ளிய குண்டு ஓரிடத்தில் மட்டும் தொப்பென்று விழுந்தால், அங்கே தகடு உடம்பைவிட்டுக் கழன்றிருக்கலாம், அல்லது எப்போதோ வெல்டிங் பட்டு இளகியிருக்கலாம். எந்த இடத்திலும் துள்ளவில்லை, மேலே தீயில் கிடந்த தடமும் இருக்கிறது என்றால் அது தீயில் வெந்துபோன கல். கடினம் முழுவதும் போயிருக்கும். அதை மறுபடி பதம் வைப்பது வீட்டுத் தொட்டித் தண்ணீரில் நடக்காது. சுத்தியலால் மெல்லத் தட்டிச் சத்தம் கேட்பதும் ஒரு சோதனைதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மணிபோல் ஒலிப்பது நல்ல அறிகுறி. ஒலிக்காததெல்லாம் கெட்டது என்று ஆகாது. வார்ப்பிரும்பு உடம்பில் எஃகு முகம் ஒட்டிய அமெரிக்கக் கற்கள் சத்தமே போடாமல் நன்றாக வேலை செய்யும்.

இங்கிலாந்துக் கல்லாக இருந்தால் பக்கவாட்டில் மூன்று எண்கள் குத்தியிருக்கலாம். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். 1, 2, 10 என்று இருப்பதைப் பார்த்துப் பலர் வருடமோ மாடலோ என்று மயங்குகிறார்கள். அது எடை. முதல் எண் அந்தர். ஓர் அந்தர் 112 பவுண்டு. இரண்டாவது எண் கால் அந்தர், அதாவது 28 பவுண்டுக் கணக்கு. மூன்றாவது உதிரிப் பவுண்டு. 112, 56, 10 சேர்த்தால் 178 பவுண்டு, ஏறக்குறைய 81 கிலோ. இப்போது தராசில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். குத்தியிருக்கும் எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசம், இந்தக் கல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாராவது ஏற்கெனவே சீவியிருக்கிறார்களா என்று ஓரளவு காட்டிக் கொடுத்துவிடும். விற்கிறவர் சொல்வதைவிட இது நம்பகம்.

சோதனை முடிந்தபின் செய்ய வேண்டிய வேலை அரைநாள் வேலைதான். துருவுக்குக் கம்பி பிரஷ் போதும். பொருக்குத் தட்டிக் கிடந்தால் புளிக்கரைசலில் நனைத்த சாக்கை ஓர் இரவு போர்த்தி வைத்து, காலையில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவலாம். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரை இணைத்துத் துருவெடுக்கும் முறையும் இருக்கிறது. நன்றாகவே எடுக்கும், ஆனால் அதில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும். எதிர்முனைக்கு எவர்சில்வர் தட்டைப் போட்டால் விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். இவ்வளவு சிரமம் தேவையில்லை என்பதே என் எண்ணம். பத்து நாள் சூடான இரும்பு புரண்டால் முகம் தானாகப் பளபளக்கும். கிரைண்டர் பிடிக்க வேண்டிய ஒரே இடம் விளிம்பு. அடிபட்டு அடிபட்டு விளிம்பு காளான்போல் வெளியே பிதுங்கியிருந்தால், அது ஒருநாள் சில்லுத் தெறித்துக் கண்ணுக்கு வரும். அந்தப் பிதுக்கத்தை மட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு, கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவிடாமல், விட்டுவிட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். எடுத்தபின் விளிம்பைக் கூராக விடக் கூடாது, மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வரை உருட்டிவிட வேண்டும். கூரான விளிம்பு, அடிக்கும் இரும்பின் உள்மூலையில் வெட்டுத் தடம் போடும். பிறகு வேலை நடக்கும்போது அரிவாள் அந்தத் தடத்தில்தான் முறியும். பழைய கல்லின் உருண்ட விளிம்பைக் குறை என்று நினைத்து நறுக்கென்று எடுக்கிறவர்கள், பெரியவர் பல வருடம் உழைத்து உண்டாக்கிய வசதியை அழிக்கிறார்கள்.

கல்லைவிடக் கவனம் அதிகம் வேண்டியது கட்டைக்கு. பாதிப் பேர் கல்லை மினுக்கிவிட்டுக் கட்டையை மறந்துவிடுகிறார்கள். தளர்ந்த கட்டையில் உட்கார்ந்த 80 கிலோ கல், இறுக்கமாக உட்கார்ந்த 50 கிலோ கல்லுக்கு ஈடாகாது. மரம் எது என்று யாரையும் கேட்க வேண்டாம், கறிக்கடைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். நாள் முழுக்கக் கத்தி விழுந்தும் பிளக்காமல் நிற்பது புளியங்கட்டை. அதன் தலையைக் கல்லின் அடிக்குப் பொருந்தும்படி இழைத்து, ஆட்டம் இல்லாமல் இறக்கி, இரும்புப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். நின்று அடிப்பதானால் கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கும்போது விரல் மொளி தொடும் உயரம். உட்கார்ந்து அடிப்பதானால் கட்டையில் பெரும்பகுதி மண்ணுக்குள். நம் ஆசாரிகள் உட்கார்ந்து அடித்ததைப் பின்தங்கிய பழக்கம் என்று சொல்கிறவர்கள், புதைத்த கட்டைக்கு அடியில் பூமியே கல்லோடு சேர்ந்து கனம் கொடுக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

அடுத்த ஆட்சேபம்: இத்தனை பாடு எதற்கு, புதுசு வாங்கினால் என்ன? வாங்கலாம், எஃகு வார்ப்பில் நல்ல கல் கிடைக்கிறது, விலையும் அதற்குத் தக்கபடி. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வெறும் வார்ப்பிரும்பு. பச்சைப் பெயின்டுக்கு அடியில் முதல் மாதமே குழி விழும், விளிம்பு உடையும். அதைவிட ஒரு முழத் தண்டவாளத் துண்டு மேல். தண்டவாளத்தைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, தலைப்பக்கத்தில் அடித்தால், கனம் முழுவதும் அடிக்கு நேர்கீழே வரும். சிறு கத்திகள் பழக அது தாராளமாகப் போதும். ஆனால் அரியலூர் வழியாகத் திருச்சி கார்டு லைன் ஓடுகிறது என்பதற்காக லைனோரம் கிடப்பதை எடுத்து வந்துவிட முடியாது. ரயில்வேச் சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிக்கவென்றே 1966-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. வைத்திருப்பவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். ஏலத்தில் எடுத்தவரிடம் ரசீதோடு வாங்குவதே வழி.

இவ்வளவுக்கும் மேலே ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. ஹார்டுவேர் கடையில் மண்வெட்டியும் அரிவாளும் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும் காலத்தில், இந்தத் தொழிலை யார் புதிதாகக் கற்பார்கள்? புதுக் கருவி விற்பதில் ஆலையோடு போட்டிபோட முடியாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆலை கருவியை விற்கும், கூர் தட்டிக் கொடுக்காது. கடப்பாரை முனை மழுங்கினால் காய்ச்சி அடித்துத்தான் ஆக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தின் முக்கியப் பயிர்களில் ஒன்று சின்ன வெங்காயம். நெருங்கி நிற்கும் வெங்காயத்துக்கு நடுவே குனிந்து களை எடுக்க, உள்ளூர்க் கைக்கு ஏற்ற அகலத்தில், ஏற்ற வளைவில் களைக்கொத்தி வேண்டும். அந்த வளைவு ஊருக்கு ஊர் மாறும். வேப்பந்தட்டை அருகே அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்கிறார்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. ஒரு சாமி சிலைக்கு வேண்டிய உளிகளை எண்ணிப் பாருங்கள். கண்ணிமைக்கு ஒரு வாய், ஆபரணத்துக்கு ஒரு வாய், மடிப்புக்கு ஒரு வாய். சிற்பியின் கைவாகுக்கு அடித்த உளி அட்டைப் பெட்டியில் வராது. கச்சாப் பொருளுக்கும் பஞ்சமில்லை. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் இடையே இரவும் பகலும் ஓடும் லாரிகளில் கமான் பட்டை முறியாமலா இருக்கும்? அந்தப் பட்டை, பதம் ஏறக்கூடிய நல்ல எஃகு. அரிவாளுக்கு அதைவிட நல்லதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. மத்திய அரசு 2023-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்துக்கு மாற்றாகத் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் உண்டு. சாதி பார்க்காது என்பது அதன் பெருமை. கொல்லுத் தொழில் இனிமேல் பிறப்பால் வருவதாக இருக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கும் அது உவப்பானது. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குள் தள்ளிவிடக் கூடாது என்ற காரணம் புரிகிறது, சரியும்கூட. ஆனாலும் இருபது வயதில் தானாக விரும்பி வருகிறவனுக்குப் பதினைந்து வருடம் எந்தக் கல்லும் இல்லை. அந்த இடைவெளியில் அவனுக்குக் கைகொடுக்கக்கூடியது ஊரில் யார் வீட்டுக் கொல்லையிலோ கிடக்கும் பழைய பட்டடைதான்.

சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அரியலூர் மாவட்டத்திலேயே, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் கூரை ஓடுகளோடு இரும்பு ஆணிகளும் மண்ணிலிருந்து வந்தன. அந்த ஆணிகளை யாரோ ஒரு கல்லின்மேல் வைத்துத்தான் தட்டியிருக்கிறார். பக்கத்தில் நிற்கும் கோயிலின் கருங்கல்லைச் செதுக்கிய உளிகளும் மழுங்க மழுங்க உலைக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்திருக்கும். ஆணியை அருங்காட்சியகத்தில் வைக்கத் தெரிந்த நமக்கு, பட்டடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் வைக்கச் சொல்லவில்லை. அங்கே அதற்கு அடி கிடைக்காது.

ஆகவே, மூடிக் கிடக்கும் பட்டறையிலிருந்து கல்லைப் பெயர்க்கப் போகிறவர், கடப்பாரை போடுவதற்கு முன் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு போகட்டும். உலை எந்தப் பக்கம் இருந்தது, கல்லின் எந்தப் பக்கம் உலையைப் பார்த்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முகத்தின் பள்ளம் நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பழைய ஆசாரி உட்கார்ந்த பக்கத்தைப் பெரும்பாலும் அதுவே காட்டும். எந்த விளிம்பு அதிகம் உருண்டிருக்கிறது என்று விரலால் தடவினால், அரிவாளின் கழுத்தை அவர் எங்கே வைத்து வளைத்தார் என்பதும் பிடிபடும். புதுக் கட்டையில் இறக்கும்போது அதே பக்கம் உலையைப் பார்க்க வைத்தால் போதும், முதல் நாளே பாதி வேலை கல் சொல்லிக் கொடுத்துவிடும்.